ஆண்டு முடிவில் ஒரு ஞான வாசகக் கணக்கு



ஆகமன காலத்தின் முதல் ஞாயிறோடு திருச்சபைக்குப் புது வருஷம் பிறக்கிறது. பழைய வருஷத்தின் வரவு செலவைப் புரட்டிப் பார்க்க இது நல்ல சமயம். சென்ற ஆண்டு தொடக்கத்தில், “இவ்வருஷம் வேதாகமத்தை முழுதும் வாசித்து முடிப்பேன்” என்றோ, “மாதம் ஒரு நல்ல புத்தகம் வாசிப்பேன்” என்றோ உங்களில் சிலர் பிரதிக்கினை செய்திருப்பீர்கள். அது என்னவாயிற்று? அநேகருக்கு ஆதியாகமம் கதைபோல் ஓடியிருக்கும். யாத்திராகமம் பாதிவரை வந்திருக்கும். லேவியராகமத்தின் பலி முறைமைகளில் வண்டி அச்சு முறிந்து நின்றிருக்கும்.

நேரமில்லை என்பீர்கள். அது பொய்யன்று. விடியுமுன் எழுந்து சோறு கட்டி, ஆற்காடு இராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் பஸ் ஏறி, இருட்டிய பின் திமிரியில் வந்திறங்கி, உலை வைத்து, பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தையும் பார்க்கிற தாய் தகப்பனுக்கு ஓய்வு எங்கே? ஆகையால் குறை உங்கள் மனதில் இருக்கிறதென்று நினைப்பதற்கு முன், போட்ட திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வேதாகமம் 73 ஆகமங்கள் கொண்டது. அதை ஒரே ஆண்டில் முடிக்க வேண்டுமானால் நாள்தோறும் மூன்று நான்கு அதிகாரம் தவறாமல் வாசித்தாக வேண்டும். ஒரு பிள்ளைக்கு நான்கு நாள் காய்ச்சல் கண்டால் பன்னிரண்டு அதிகாரத்துக்கு மேல் பாக்கி விழும். பாக்கி ஏறிய கடன்காரன் கடைத்தெருப் பக்கமே போகமாட்டான். புத்தகமும் அப்படித்தான் அலமாரிக்குப் போய்விடுகிறது.

புதிய ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு எவ்வளவு இலேசாகிறது பாருங்கள். அதில் உள்ளவை 260 அதிகாரங்கள். வருஷத்துக்கு 52 வாரம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம். ஐம்பத்திரண்டை ஐந்தால் பெருக்கினால் அதே 260. சனிக்கிழமை, தவறிய பாடத்தை ஈடுகட்ட. ஞாயிறன்று பூசையில் வாசகங்களைக் காதால் கேட்க. அதிகாரங்களில் பலவும் பத்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். அதுவும் கூடாதவர்கள் நான்கு சுவிசேஷங்களோடு நிறுத்திக்கொள்ளட்டும். அவை 89 அதிகாரங்களே: மத்தேயு 28, மாற்கு 16, லூக்காஸ் 24, அருளப்பர் 21.

தமிழ் நன்றாய் அறிந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் சொல்லலாம். வீரமாமுனிவர் அர்ச். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 1726-ல் இயற்றிய தேம்பாவணியில் 36 படலங்களும் 3615 பாடல்களும் உள்ளன. நாளுக்குப் பத்துப் பாடல் வாசித்தால் 362 நாளில் முடியும். உழைத்துப் பிழைத்த ஒரு குடும்பத் தலைவரைப் பற்றிய காவியம் நம் மொழியில் இருக்க, அதை நம்மவர் பெயரளவில் அறிந்திருப்பது வருத்தமே. ஆனால் உரையில்லாமல் அதில் இறங்க வேண்டாம், நடை கடினமானது.

எத்தனை முடித்தோம் என்ற எண்ணிக்கையை விட, வாசித்தது நம்மை என்ன செய்தது என்பதே பெரிய கேள்வி. அர்ச். இஞ்ஞாசியார் 1521-ம் ஆண்டு பம்பலூனா கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டு லொயோலா மாளிகையில் படுத்திருந்தார். பொழுது போக வீரக்கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை கிடைக்கவில்லை. சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சிஷ்டவர்களின் சரித்திரமுமே கிடைத்தன. வேறு வழியின்றி வாசிக்கத் தொடங்கியவர், பிடித்த பகுதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். சேசுநாதரின் வார்த்தைகளைச் சிவப்பு மையிலும் தேவமாதாவின் வார்த்தைகளை நீல மையிலும். புத்தகத்தை மூடிய பின் மனதில் தங்குவது சமாதானமா சலிப்பா என்று கவனித்ததிலிருந்துதான் அவருடைய ஞான வாழ்வு தொடங்கிற்று.

அதே வகையான அர்ச்சிஷ்டவர் சரித்திரம் ஒன்றை, அவருடைய சபையைச் சேர்ந்த என்றீக்கே என்றீக்கஸ் சுவாமி, முத்துக்குளித்துறை மக்களுக்காக 1586-லேயே தமிழில் அச்சிட்டார். அதற்கு எட்டாண்டு முன், 1578-ல், கொல்லத்தில் அவர் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கம். கடலோரத்தில் உழைத்தவர்களுக்கு அன்று பதினாறு பக்கம் போதுமென்று அவர் துணிந்தார் என்றால், நாம் மெல்லிய புத்தகத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

குழந்தை தெரேசம்மாளின் வீட்டையும் பாருங்கள். தாய் செலி அம்மாள் பின்னல் துணி வியாபாரத்தை நடத்தியவர்; 1877-ல் இறந்தார். ஐந்து பெண்மக்களோடு தனித்து நின்றார் தகப்பனார் லூயி மார்த்தீன். லிசியே வீட்டில் மாலை வேளையில் முதலில் விளையாட்டு, பிறகு மூத்த பெண்கள் திருவழிபாட்டு ஆண்டைப் பற்றிய நூலிலிருந்து ஒரு பகுதியை உரக்க வாசிப்பார்கள், அதன்பின் சுவையான வேறொரு புத்தகத்தில் சில பக்கம், பிறகு தகப்பனார் பாடுவார், பிறகு செபம். சிறுமி தெரேசம்மாள் அவர் மடியில் இருந்து இதையெல்லாம் கேட்டாள். இந்தத் தம்பதிகளைத் திருச்சபை 2015-ல் புனிதர் வரிசையில் சேர்த்தது. கவனியுங்கள்: வாசித்தவர்கள் பிள்ளைகள், தகப்பனார் செய்தது, கூட இருந்தது. எழுத்தறியாத பாட்டியும் இதைச் செய்யலாம். தகப்பனார் கைப்பேசியைத் தடவிக்கொண்டு, “நீ போய்ப் படி” என்று பிள்ளையை அதட்டுகிற வீட்டில் இது நடவாது.

பாதியில் விட்ட புத்தகத்துக்காக வருந்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவர் 2024 ஜூலை 17-ந் தேதியிட்டு இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு நிருபம் எழுதினார். தாம் 1964-65-ல் சாந்தா பே நகர்ப் பள்ளியில் இலக்கியம் கற்பித்த காலத்தை அதில் நினைவுகூர்கிறார். மாணவருக்குப் பாடநூலான பழைய காவியம் பிடிக்கவில்லை. அதை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய ஆசிரியர்களையே எடுத்துப் பேசினாராம். ஒரு நல்ல நூல் இவ்வருஷம் உங்களுக்கு ஒட்டவில்லையானால் எடுத்து வையுங்கள். கதையோ சரித்திரமோ வேறு நூலுக்குப் போங்கள். விலைக்கு வாங்க வேண்டுமென்பதும் இல்லை. 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். கட்டின வரிக்கு ஒரு புத்தகமாவது எடுக்க வேண்டாமா?

ஆகையால் இவ்வார ஆத்தும சோதனையில் மூன்று கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு வாசித்ததில் இன்னும் மனதில் நிற்பது எது? அதை வீட்டில் யாரிடமாவது சொன்னேனா? என் கையில் புத்தகம் இருந்ததை என் பிள்ளைகள் கண்டார்களா?

திங்கட்கிழமை மத்தேயு முதல் அதிகாரம். தொடக்கத்திலேயே பெயர்ப் பட்டியல் வரும். தாண்டிவிடாமல் பிள்ளைகளை மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள், பெயர்களில் நாக்கு இடறிச் சிரித்தாலும் பாதகமில்லை. தகப்பன்மார் பெயர்களுக்கு நடுவே தாமார், ராகாப், ரூத், ஊரியாசின் மனைவி என்று, தேவமாதாவுக்கு முன் நான்கு ஸ்திரீகள் வருகிறார்கள். ஏன் என்று யாராவது கேட்டால், சனிக்கிழமை மாலை ரூத் ஆகமத்தை எடுங்கள். அது நான்கே அதிகாரம்.