கொடுத்த காசு யாருக்குச் சொந்தம்?

(குழுவாகக் கூடிப் படிப்பதற்கு)

ஜிந்துப்பிட்டியில் சீட்டுப் பிடிக்கும் எந்தத் தாய்க்கும் ஒரு விடயம் தெரியும். இருபது பேர் கட்டிய காசு அவருடைய கையில் இருக்கிறது. ஆனால் அது அவருடைய காசு அல்ல. மகன் பொலிசில் அகப்பட்டு, சட்டத்தரணிக்குக் காசு தேடி அலைந்தாலும் அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த முறை அவரிடம் எவரும் சீட்டுக் கட்டமாட்டார்கள். ஊரில் நாம் விதைநெல்லையும் இப்படித்தான் பாதுகாத்தோம். வீட்டில் பசி என்றாலும் அதைக் குற்றுவதில்லை. இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அரசியல்வாதிகளின் பணத்தை இம்முறை ஆராய்வோம்.

மூன்று பைகள்

தேர்தலில் நிற்பவர் செலவழிக்கும் காசு மூன்று பைகளிலிருந்து வரலாம். ஒன்று, அவருடைய சொந்தப் பை. இரண்டாவது, ஆதரவாளர் கொடுத்த நன்கொடை. மூன்றாவது, அரசாங்கப் பணம். சவர்க்காரம் வாங்கும்போதும் பஸ்ஸில் ஏறும்போதும் நாம் கொடுக்கும் வரி இந்த மூன்றாவது பைக்குள் போகிறது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களும் வரி கட்டியவர்களே.

மூன்றாவது பையில் கை வைத்த கதை எமது நாட்டில் உண்டு. 2015 சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் சதொச மூலம் இறக்குமதி செய்யப்பட்டு விளையாட்டுக் கழகங்களுக்கு வழங்கப்பட்டன. அரசுக்கு ஏற்பட்ட நட்டம் ஏறக்குறைய 53 மில்லியன் ரூபா. இவ்வழக்கில் 2025 மே 29ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம், முன்னாள் அமைச்சர்களான மஹிந்தானந்த அளுத்கமகேக்கு 20 வருடமும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடமும் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. இவர்களில் முதலாமவர், 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபோது விவசாய அமைச்சராக இருந்தவர் என்பதைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள்.

அதே தேர்தலுக்கு முன்னர், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 600 மில்லியன் ரூபாவில் சில் துணிகள் வாங்கிப் பகிரப்பட்டன. சனாதிபதியின் செயலாளராக இருந்த லலித் வீரதுங்கவுக்கும் ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகமாக இருந்த அனுஷ பெல்பிட்டவுக்கும் 2017 செப்டெம்பரில் மூன்று வருடக் கடூழியச் சிறையும் தண்டமும் விதிக்கப்பட்டன. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. 2017 தீர்ப்பு வந்தவுடன், தண்டப்பணத்தைக் கட்டுவதற்கென்றே ஆதரவாளரும் பிக்குமார் சிலரும் மக்களிடம் காசு சேர்த்தார்கள். அந்த உண்டியலில் காசு போட்டவருக்கு அது எதற்குப் போகிறது என்பது தெரிந்திருந்தது. அதை நாம் ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். ஆனால் நோக்கம் மறைக்கப்படவில்லை.

இரண்டாவது பை

நோக்கம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 2020 தேர்தலில் தோற்ற டொனால்ட் ட்ரம்ப், தேர்தல் முடிவை எதிர்க்கவேண்டும் என்று சொல்லித் தமது ஆதரவாளரிடம் சிறு சிறு தொகையாகப் பெரும் பணம் திரட்டினார். 2023இல் அவர்மீது நான்கு குற்றவியல் வழக்குகள் தொடரப்பட்டன. அவருடைய அரசியல் நிதிக் குழுக்கள் அந்த ஒரு வருடத்தில் மாத்திரம் ஏறக்குறைய 50 மில்லியன் டொலரை வழக்குச் செலவுக்குக் கொடுத்தன. வேட்பாளரின் தேர்தல் நிதியைச் சொந்தத் தேவைக்கு எடுப்பதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் இப்படிப்பட்ட குழுக்களின் பணத்தை அது அந்தளவுக்கு இறுக்கிப் பிடிக்கவில்லை. கட்சிக்கென்று காசு அனுப்பிய முதியவரின் பணம் தலைவரின் சட்டத்தரணிக்குப் போய்ச் சேர்ந்தது.

இது உலகத்துக்குத் தெரியவந்தது எப்படி? கணக்குக் காட்டவேண்டும் என்று அங்கே சட்டம் இருப்பதால்தான்.

எமது நாட்டின் சட்டம்

இலங்கையில் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது. செலவுக்கு உச்ச எல்லை உண்டு. 2024 சனாதிபதித் தேர்தலில் அது ஒரு வாக்காளருக்கு 109 ரூபாவாக இருந்தது. அரச திணைக்களங்களிடமும் வெளிநாடுகளிடமும் பெயர் வெளியிடாதவரிடமும் நன்கொடை வாங்கக் கூடாது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்கவேண்டும். ஆனால் இது தேர்தல் செலவின் கணக்கு மாத்திரமே. பிற்காலத்தில் ஒரு தலைவர் நீதிமன்றத்தில் நிற்கும்போது சட்டத்தரணிக்கு யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பதை அதில் காணமுடியாது. அந்தக் கேள்வியை மக்கள்தான் கேட்கவேண்டும்.

எமது சங்கங்களில்

வழக்குக்குப் பொதுப்பணம் செலவழிப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்கள். அத்தகைய வழக்குக்கு ஒரு சங்கம் காசு கொடுத்தால் அது எல்லோருடைய காணிக்குமான செலவு. தலைவர் தமது சொந்தக் குற்றச்சாட்டுக்குச் சட்டத்தரணி வைப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய நான்கு காரியங்கள் உதவும்:

1. காசு சேர்க்கும்போதே நோக்கத்தை எழுதி, பற்றுச்சீட்டிலும் போடுதல்.
2. நோக்கத்தை மாற்றுவதானால் பொதுக்கூட்டத்தில் அனுமதி பெறுதல்.
3. வங்கிக் கணக்கில் தலைவர் மாத்திரம் அல்லாமல் இருவராவது கையொப்பமிடுதல்.
4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுதல்.

கலந்துரையாடுவோம்

- எமது சங்கத்தின் கடைசிக் கணக்கறிக்கையை நாம் எப்போது பார்த்தோம்?
- தேர்தல் காலத்தில் கிடைத்த பொருள் எந்தப் பையிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டோமா?
- நல்லவர் என்று நாம் நம்பும் தலைவரிடம் கணக்குக் கேட்க ஏன் கூச்சப்படுகிறோம்?

கணக்குக் கேட்பது சந்தேகம் அல்ல. கமத்தில் வரம்பு கட்டுவது அயலவனைக் கள்ளன் என்று சொல்வதற்காகவா? தண்ணீர் தன் வயலில் நிற்பதற்காகத்தானே.