டப்பென்ஸின் பின்னல் ஊசி

அன்புள்ள வாசகருக்கு,

குண்டு விழுந்த ஊரில் நடக்கும் துப்பறியும் கதையைச் சுகமாகச் சாய்ந்துகொண்டு ரசிக்க மனம் ஒப்புகிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஒப்புகிறது.

போன வாரம் அகதா கிறிஸ்டியின் ‘என் ஆர் எம்?’ நாவலை மறுபடியும் எடுத்தேன். இரண்டாம் உலகப் போர், 1940, இங்கிலாந்து. டாமியும் டப்பென்ஸும் நடுவயதுத் தம்பதி. முந்தைய போரில் உழைத்தவர்களை இந்தப் போரில் ஒருவரும் சீந்தவில்லை. டப்பென்ஸ் வீட்டில் உட்கார்ந்து சிப்பாய்களுக்குக் காக்கிக் கம்பளிக் குல்லாய் பின்னுகிறாள். அப்போது டாமிக்கு மட்டும் ஓர் இரகசிய வேலை வருகிறது. கடலோர விடுதி ஒன்றில் ஒளிந்திருக்கும் ஜெர்மன் உளவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். மனைவியிடம்கூட மூச்சு விடக்கூடாது. ஏதோ பொய் சொல்லிவிட்டு அவர் அங்கே போய்ச் சேர்ந்தால், வேறு பெயரில், அதே பின்னலோடு உட்கார்ந்திருக்கிறாள் டப்பென்ஸ்! ஒட்டுக்கேட்டுவிட்டு முந்திக்கொண்டாள். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த விடுதிதான் நாவலின் உயிர். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, சின்னக் குழந்தையோடு ஒரு தாய், சதா தன் உடம்பைப் பற்றியே பேசும் ஒருவர், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த இளைஞன். அந்த ஆண்டு ஜூலையில் தேயிலைக்கும் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், ஏறக்குறைய 57 கிராம். அளந்து குடிக்கும் அந்தத் தேநீரைப் பகிர்ந்துகொள்பவர்களையே சந்தேகிக்க வேண்டிய காலம் அது.

சந்தேகம் நாவலாசிரியரையும் விடவில்லை. கதையில் மேஜர் பிளெட்ச்லி என்று ஒருவர் வருகிறார். பிளெட்ச்லி பூங்காவில் எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் வேலை பரம இரகசியமாக நடந்துகொண்டிருந்ததால் உளவுத்துறை பதறிவிட்டது. ரயில் பிளெட்ச்லி ஊரில் நின்று தன்னைக் காக்க வைத்த எரிச்சலில் வைத்த பெயர் என்று கிறிஸ்டி விளக்கம் தந்தாராம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நாவல் வெளிவந்தது 1941இல். போர்க்காலத்தில் கிறிஸ்டி லண்டன் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்த்தார். லண்டனில் அவர் வீடும் குண்டுவீச்சில் சேதமானது. அந்தக் காலத்தை வைத்து இன்று எழுதுகிறவர்களுக்குப் போரின் முடிவு தெரியும். அவருக்கோ அவருடைய முதல் வாசகர்களுக்கோ தெரியாது. தெரியாமலேதான் அவர் சிரிக்க வைத்தார், அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படித்துப் பாருங்கள். கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கு முதலில் யார்மேல் சந்தேகம் வந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்.