மிக்-21 ஏன் புல்லில் இறங்குகிறது?

கேள்வி: சிமுலேட்டரில் மிக்-21ஐ ரன்வேக்குக் கொண்டுபோவதற்குள் புல்லில் இறங்கிவிடுகிறது. நிஜத்திலும் அப்படித்தான் என்கிறான் நண்பன். உண்மையா?
– ஒரு வாசகர், தம்பானூர்

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. மிக்-21இன் முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரம் மாதிரி, போகிற போக்கில் தானாகத் திரும்பும். விமானி கட்டுப்பாட்டுக் கோலில் இருக்கும் பிரேக் பிடியை அழுத்தியபடி ரடர் பெடலை மிதிப்பார். மிதித்த பக்கத்துச் சக்கரத்தில் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும், மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். பிரேக் வேலை செய்வது அழுத்தப்பட்ட காற்றில். விடாமல் அழுத்திக்கொண்டே போனால் காற்றழுத்தம் இறங்கிவிடும். ஆகவே மெதுவாக உருளவிட்டு, விட்டுவிட்டுப் பிடியுங்கள். திரும்பி முடிப்பதற்குச் சற்று முன்பே எதிர்ப்பக்கம் மிதியுங்கள். மிக்-21 நம் விமானப்படையில் இருந்த 1963 முதல் 2025 செப்டம்பர் வரை நம் விமானிகள் இதைத்தான் பழகினார்கள்.

சிமுலேட்டரில் வானத்தில் பார்க்கும் துல்லியத்தைத் தரையிலும் பார்க்கவேண்டும் என்பதே என் கட்சி. உங்கள் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் 2025 ஜூன் 14 அன்று இறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் பழுதாகி நின்றதே, நினைவிருக்கிறதா? ஜூலை 6 அன்று அதை ஹேங்கருக்கு இழுத்துப்போனார்கள். 22ஆம் தேதிதான் கிளம்பியது. அந்த இழுவை வேலையையும் ஒரு சிமுலேட்டர் ஒழுங்காகக் காட்டினால் நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஓட்டுவேன்.