புதிய காரில் குறைபாடு: பரிகாரம் தேடும் வழி

வீட்டுக்கு அடுத்தபடியாக நடுத்தரக் குடும்பம் பெருந்தொகை செலவிட்டு வாங்கும் பொருள் கார். அது பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கப்படுகிறது. வண்டி பழுதாகிப் பணிமனையில் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. எனவே, புதிய காரில் உற்பத்திக் குறைபாடு இருப்பின் அதற்குப் பரிகாரம் என்ன என்பது பொருளாதார முக்கியத்துவம் வாய்ந்த கேள்வியாகும்.

விற்பவர் அறிந்தவற்றை வாங்குபவர் அறியாத நிலையில் சந்தை எவ்வாறு சீர்கெடுகிறது என்பதை, பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-ஆம் ஆண்டின் பொருளாதார நோபெல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். குறையுள்ள காரை 'எலுமிச்சை' என்பது அமெரிக்கப் பேச்சு வழக்கு. அதனால் அங்கு 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதன்முதலாக இயற்றிய வாகனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 'எலுமிச்சைச் சட்டம்' என்ற பெயர் நிலைத்தது. நியாயமான எண்ணிக்கையில் பழுது பார்த்தும் குறை தீராவிடில் வண்டியை மாற்றித்தர வேண்டும். அல்லது விலையைத் திருப்பித்தர வேண்டும் என்பதே இச்சட்டத்தின் சாரம்.

இந்தியாவில் இத்தகைய தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே இங்கு முதன்மையான வழி. அவ்வழியை விடுத்து வேறு வழியில் சென்றால் என்ன நேரும் என்பதற்கு ஐதராபாத்தில் தொடங்கி உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கொன்று சான்றாகும்.

ஐதராபாத் வழக்கு

2009 செப்டம்பர் 25 அன்று ஒரு நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் கார் ஒன்றை வாங்கியது. நான்கே நாட்களில் அதில் கடுமையான கோளாறு தோன்றியது; நவம்பர் 13 அன்று மீண்டும் தோன்றியது. வாங்கியவர்கள் காவல் துறையை அணுகினர். நவம்பர் 16 அன்று, அப்போது நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 418, 420 ஆகிய பிரிவுகளின்கீழ் ஏமாற்று வழக்கு பதிவாயிற்று.

2012 மார்ச் 22 அன்று உயர்நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. ஆயினும் புதிய கார் வழங்குமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிட்டது. உற்பத்தியாளர் இசைந்தபோதிலும், வாங்கியவர்கள் மாற்றுக் காரை ஏற்காமல் வட்டியுடன் பணமாகக் கோரினர். வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 2024 ஜூலை 10 அன்று அந்நீதிமன்றம், ஏமாற்றுக் குற்றம் நிறுவப்படாதபோது புதிய கார் வழங்க ஆணையிட்டது பொருந்தாது எனக் கூறியது. பூசல் குறையுள்ள வாகனம் ஒன்றைப் பற்றியதே என்பதையும், ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்துவிட்டதையும் கருதி, குற்ற வழக்கைத் தொடர விடாமல், முழுத் தீர்வாக ரூ. 50 லட்சம் செலுத்துமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிட்டது. புதிய சொந்த வாகனத்தின் பதிவுக்கு உரிய காலமும் 15 ஆண்டுகளே என்பது இங்கு எண்ணத்தக்கது.

குற்றமும் குறைபாடும்

ஏமாற்றுக் குற்றத்தை நிலைநாட்ட, தொடக்கத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். நுகர்வோர் சட்டத்துக்கு அது தேவையில்லை. பொருளில் குறை இருப்பதைக் காட்டினால் போதும். நிறுவனம் வாங்கிய காருக்கும் இவ்வழி முற்றிலும் அடைபட்டதன்று. இயக்குநரின் சொந்தப் பயனுக்காக வாங்கிய கார் வணிக நோக்கில் வாங்கியதாகாது என்று, மற்றொரு வழக்கில் 2024-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே முறையிடலாம். செலுத்திய விலை ரூ. 50 லட்சம் வரை எனில் மாவட்ட ஆணையமும், ரூ. 2 கோடி வரை எனில் மாநில ஆணையமும், அதற்கு மேல் தேசிய ஆணையமும் விசாரிக்கும். வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். குறையை நீக்குதல், மாற்றுப் பொருள் வழங்குதல், விலையைத் திருப்பித்தருதல், இழப்பீடு வழங்குதல் ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிடலாம். சோதனை தேவைப்படாத முறையீட்டை மூன்று மாதங்களிலும், தேவைப்படுவதை ஐந்து மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் நெறி.

மெய்ப்பிக்கும் சுமை

எனினும், கார் பழுதானது என்பதாலேயே புதிய கார் கிடைத்துவிடாது. உத்தரவாதம் பழுதான பாகத்தை மாற்றித்தர மட்டுமே வகைசெய்திருந்ததால், முழு வாகனத்தையும் மாற்றித்தருமாறு இடப்பட்ட ஆணையை 2006-இல் மாருதி நிறுவனத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. பாகத்தை மாற்றித் தீரும் குறை வேறு. தீராத உற்பத்திக் குறை வேறு. இரண்டாவதை நிறுவ நிபுணர் அறிக்கை பெரிதும் தேவைப்படும். ஃபியட் கார் ஒன்றைப் பற்றிய வழக்கில், சார்பற்ற தொழில்நுட்ப நிபுணரின் முடிவைப் பொறுத்தே விலை திருப்பித்தரப்பட வேண்டும் என அந்நீதிமன்றம் வழிவகுத்தது.

ஆகவே வாங்கியவர் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு முறையும் பழுதை எழுத்தில் தெரிவித்துப் பணிமனைச் சீட்டைப் பெற்று வைக்க வேண்டும். அச்சீட்டில் குறை சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். வண்டி எத்தனை நாள் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விற்பனையாளர், உற்பத்தியாளர் ஆகிய இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது நலம். பொறுப்பு யாருடையது என்பது அவர்களிடையேயுள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்து மாறக்கூடும்.

நிர்வாகத்துக்கும் இதில் பாடமுண்டு. சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, பொருளை ஒப்படைத்தபோதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என மெய்ப்பிப்பது விற்பவரின் கடமை. காரின் உட்கூறுகளை அறிந்தவர் உற்பத்தியாளரே. வாங்கியவரிடம் இருப்பது பணிமனைச் சீட்டு மட்டுமே. மெய்ப்பிக்கும் சுமையை அறிந்தவர் மீது ஏற்றுவதும், சோதனை அறிக்கை உரிய காலத்தில் கிடைக்கச் செய்வதும் இந்தியாவிலும் ஆராயத்தக்கவை. வண்டியின் ஆயுள் முடிவதற்குள் கிட்டும் பரிகாரமே பரிகாரமாகும்.