நூலும் வழக்கும்

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் புழங்கும் ஊர் பலமனேர். ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் வழங்குவது அங்கு வாழ்வோர்க்கு இயல்பு. ஒரே நூலைப் படிப்போரும் அவ்வாறே வெவ்வேறு முடிவுக்கு வருவதுண்டு. அதற்குச் சான்றாக விளங்குவது 'மாதொருபாகன்' என்னும் நாவல்.

இதனை எழுதியவர் பெருமாள்முருகன், தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். நாவல் 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. காளி, பொன்னா என்னும் உழவர் தம்பதியர்க்குப் பிள்ளைப்பேறு இல்லை. அதன் பொருட்டு ஊரார் கூறும் ஏளனச் சொற்கள் அவர்களை எவ்வாறு வருத்தின என்பதே கதை.

2014ஆம் ஆண்டு இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. கதையில் வரும் பழைய திருவிழா வழக்கம் தம் ஊரையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது எனப் பலர் சினந்தனர். நூற்படிகள் எரிக்கப்பட்டன. நாவல் கற்பனைப் படைப்பு என்றும், எழுத்தாளரின் உரிமையைக் காக்க வேண்டும் என்றும் மற்றொரு சாரார் வாதிட்டனர். 2015 சனவரியில், இனி எழுதுவதில்லை என ஆசிரியர் அறிவித்தார்.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. 2016 சூலை 5 அன்று வெளியான தீர்ப்பு நூலுக்குத் தடை விதிக்க மறுத்தது. படிப்பதும் படியாமல் விடுவதும் வாசகரின் விருப்பம். பிடிக்காத நூலை விலக்கிவிடலாம் என அது தெளிவுறுத்தியது. ஆசிரியர் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

இந்நாவலின் தொடர்ச்சியாக 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என இரு நாவல்களை அவர் படைத்துள்ளார். ஒன்றில் காளி இறக்கிறான், மற்றொன்றில் வாழ்கிறான். ஒரு கதைக்கு அதன் ஆசிரியரே இரு வழிகளைக் காட்டினார் எனில், வாசகரிடையே இரு கருத்துகள் தோன்றுவதில் வியப்பில்லை. நூலை மறுக்க விரும்புவோர் அதனை முழுமையாகப் படித்து, சொல்லாலும் எழுத்தாலும் மறுத்தலே முறை. எரித்த நூலோடு எவரும் வாதிட இயலாது.

சொற்பொருள்
மாதொருபாகன் – உமையைத் தன் உடலின் ஒரு பாகத்தில் கொண்ட சிவபெருமான்
பிள்ளைப்பேறு – குழந்தைச் செல்வம்
ஏளனம் – இகழ்ச்சி

வினாக்கள்
1. திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது ஏன்?
2. உயர்நீதிமன்றம் வாசகர்க்குக் கூறியது யாது?
3. கற்பனைக் கதையில் உண்மையான ஊரின் பெயரைக் கையாளலாமா? இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுக.