கன்ஹேரி: பழைய மடாலயம், புதிய பொறுப்பு

தொன்மைச் சின்னம் ஒன்றைச் சீரமைப்பதற்கு ஒரு முறை செலவிட்டால் போதும். அதனைப் பேணுவதற்கோ ஆண்டுதோறும் செலவிட வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்த்தும் தக்க எடுத்துக்காட்டாக மும்பையின் கன்ஹேரிக் குகைகள் விளங்குகின்றன. மாட்டுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தில் ரயிலேறி, அந்தேரியில் வண்டி மாறிப் போரிவலியில் இறங்கினால், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவினுள் இவற்றைக் காணலாம்.

மலையில் ஒரு மடாலயம்

கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவியர் இங்கு வாழ்ந்தனர். எரிமலைப் பாறையில் குடையப்பட்ட குகைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை உறைவிடங்களே. மழைநீரைத் தேக்கும் கல்தொட்டிகள் பல குகைகளின் அருகே வெட்டப்பட்டுள்ளன. சோபாரா, கல்யாண் ஆகிய வணிக நகரங்களைச் சேர்ந்தோர் அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

குறையா முதல்

ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூடருக்கு அடங்கிக் கொங்கணத்தை ஆண்ட சிலாகாரர் காலத்துக் கல்வெட்டுகள் பொருளியல் மாணவர்க்குச் சிறப்பாகப் பயன்படுவன. கௌட நாட்டிலிருந்து வந்த அவிக்நாகரர் என்பவர் 100 திரம்மங்களை வைப்பு நிதியாக அளித்தார். அதன் வட்டியினின்று துறவியர்க்கு ஆடை வழங்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் குறையாது, வட்டி மட்டுமே செலவாகும் இம்முறை ‘அட்சய நீவி’ எனப்பட்டது. தமிழகக் கோயில்களில் நந்தா விளக்குக்கு விடப்பட்ட ‘சாவா மூவாப் பேராடு’ம் இக்கருத்தை ஒட்டியதே.

புதிய ஏற்பாடுகள்

துறவியர் வாழ்க்கை மறைந்த பின்னரும் கன்ஹேரி முற்றிலும் மறக்கப்படவில்லை. கி.பி. 1009, 1021 ஆம் ஆண்டுகளில் வந்த பார்சியர் தம் வருகையைப் பஹ்லவி எழுத்தில் பொறித்துச் சென்றனர். இன்று இக்குகைகள் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1996-இல் நிறுவப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியத்தின் வாயிலாக, இந்தியன் ஆயில் அறக்கட்டளையின் துணையுடன் அமைக்கப்பட்ட பார்வையாளர் வசதிகள் 2022 புத்த பூர்ணிமா அன்று திறந்து வைக்கப்பட்டன. அடர்வனப் பகுதியாதலின், சூரிய ஒளி மின்சாரமும் ஆழ்துளைக் கிணற்று நீரும் கொண்டு தேவைகள் நிறைவு செய்யப்பட்டன.

கருத வேண்டியது

கட்டடம் எழுப்பும் மூலதனச் செலவுக்கு நன்கொடையாளர் எளிதில் முன்வருவர். துப்புரவு, காவல், பழுதுபார்ப்பு ஆகிய தொடர் செலவுகளுக்கு அவ்வாறு முன்வருவோர் அரியர். காட்டின் நடுவே அமைந்த சின்னத்தில் பராமரிப்புத் தளர்ந்தால் சிற்பங்களோடு வனமும் கேடுறும். எனவே, ஒவ்வொரு புத்துயிர்ப்புத் திட்டத்திலும் கட்டுமான மதிப்பீட்டோடு நிலையான பராமரிப்பு நிதியையும் சேர்த்தே வகுத்தல் வேண்டும். அவிக்நாகரரின் நூறு திரம்மங்கள் கற்பிக்கும் பாடம் இதுவே.