அக்கிக்குத் தடுப்பூசி: பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டுமா?

மார்பிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாகப் பட்டை போலச் சிவந்து, கொத்துக் கொத்தாய் நீர்க் கொப்புளங்கள் எழும்பி, தீப்பட்டது போல எரியும் நோயை நம் ஊரில் அக்கி என்கிறோம். மும்பையிலும் புனேயிலும் அக்கம்பக்கத்தார் இதை 'நாகீண்' என்பார்கள். பெங்களூரில் 'சர்ப்ப சுத்து' என்பார்கள். டாக்டர்கள் எழுதும் பெயர் ஹெர்பிஸ் ஜாஸ்டர். பெயர் எதுவானாலும் நோய் ஒன்றுதான்.

இதற்கான ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 2023ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கிடைக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கானது. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை; கைப்பணம் கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே 'அப்பாவுக்குப் போடலாமா, அம்மாவுக்கு அவசியமா' என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. முடிவு செய்யுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

நோய் எங்கிருந்து வருகிறது?

அக்கி வெளியிலிருந்து புதிதாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. சிறு வயதில் நமக்குச் சின்னம்மை போட்டிருக்கும் அல்லவா, அந்த வைரஸே இதற்கும் காரணம். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் விட்டதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். வைரஸ் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துக்கொண்டு, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து சேருகிறது. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரில் குடும்ப டாக்டராக இருந்த எட்கர் ஹோப்-சிம்சன், தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1965இல் இந்தக் கருத்தை விளக்கி எழுதினார்.

ஒவ்வொரு நரம்பும் உடம்பின் ஒரு பாதிக்கு மட்டுமே உரியது. அதனால்தான் கொப்புளங்கள் பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. 'நாகத்தின் தலையும் வாலும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து' என்று சொல்லிப் பயமுறுத்துவதில் உண்மை இல்லை.

அக்கி எழுதினால் போதாதா?

குயவர் வீட்டுக்குப் போய், காவிக் குழம்பால் சிங்கம் வரைந்து அக்கி எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். எழுதியபின் சில நாளில் கொப்புளம் காய்ந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளங்கள் 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் தாமே ஆறிவிடும் என்பதே அதற்குக் காரணம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது கொப்புளம் ஆறியபின் நிற்கும் வலிக்கு. சிலருக்கு அந்த இடத்தில் மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் எரிச்சலும் குத்தலும் நீடிக்கும். சட்டைத் துணி பட்டால்கூடத் தாங்காது. இரவில் தூக்கம் இராது. வழக்கமான வலி மாத்திரைகளுக்கு இது எளிதில் அடங்குவதும் இல்லை. வயது ஏற ஏற இந்த வலி வரும் வாய்ப்பும் கூடுகிறது. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் அக்கி வந்தால் பார்வைக்கே கேடு நேரலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது? அமெரிக்கக் கணக்குப்படி வாழ்நாளில் மூவரில் ஒருவருக்கு அக்கி வருகிறது. அப்படி வந்தவர்களில் 100க்கு 10 முதல் 18 பேர் வரை நீடித்த வலியால் அவதிப்படுகிறார்கள். மூவரில் இருவருக்கு அக்கி வராமலே போகும் என்பதும் இதே கணக்குதான். இரண்டு பக்கத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஊசியின் பலன்

இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் ஒரு புரதம் மட்டுமே இருக்கிறது. ஆகவே ஊசியால் அம்மையோ அக்கியோ வராது. 2015இல் வெளியான பெரிய ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது 97 சதம் பாதுகாப்பு அளித்தது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் 90 சதத்தை ஒட்டிய பலன் இருந்ததாக 2016இல் தெரிந்தது. நீடித்த வலியும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்தது. ஊசி போட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 11 ஆண்டுகள் ஆனபின்னும் பலன் 80 சதத்தை ஒட்டி நிற்கிறது.

அமெரிக்காவில் பிள்ளைகளிடம் போயிருந்தபோது ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்கள் அதன் பெயரைப் பார்த்துக்கொள்ளவும். ஜாஸ்டாவேக்ஸ் என்ற பழைய ஊசி அங்கே 2020இல் நிறுத்தப்பட்டது. அதைப் போட்டவர்களும் புதியதைப் போட்டுக்கொள்ளலாம்.

ஞாபக மறதி நோயையும் இது தடுக்கும் என்ற செய்தி உலவுகிறது. வேல்ஸ் நாட்டு முதியோரைப் பற்றி 2025இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் அந்நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது உண்மை. ஆனால் அந்த ஆய்வு பழைய ஊசியைப் பற்றியது. அதை மட்டும் நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

தொந்தரவுகள்

கை வலி பெரும்பாலோர்க்கு உண்டு. உடம்பு வலி, அசதி, காய்ச்சல் வரலாம். ஆறில் ஒருவருக்கு ஓரிரு நாள் அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்குப் படுத்தும்; பிறகு சரியாகிவிடும். முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்தது என்பதற்காக இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. மிக அரிதாக, கைகால் தளர்ந்துபோகும் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வரலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10 லட்சம் தவணைக்குச் சுமார் 3 பேர் என்பது அமெரிக்க அரசின் 2021ஆம் ஆண்டுக் கணிப்பு.

யார் யோசிக்கலாம், யார் பொறுக்கலாம்?

60, 70 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை வியாதி உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ புற்றுநோய் சிகிச்சையோ எடுப்பவர்கள் ஆகியோருக்குப் பலன் அதிகம். சிகிச்சையில் இருப்பவர்கள் எந்த நேரத்தில் போடுவது என்று தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். ஏற்கனவே அக்கி வந்தவர்களுக்கும் மறுபடி வரலாம். புண் முழுதும் ஆறியபின் போட்டுக்கொள்ளலாம். சின்னம்மை வந்ததாக ஞாபகம் இல்லாவிட்டாலும் தடையில்லை. காய்ச்சலாக இருப்பவர்கள் பொறுக்க வேண்டும். முன்பு இந்த ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செலவும் இரண்டாவது தவணையும்

ஒரு தவணை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஆகிறது, தேவை இரண்டு. இரு பெற்றோருக்கும் போட்டால் நான்கு ஊசி. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. ஒரே சமயத்தில் முடியாவிட்டால் வயதில் மூத்தவருக்கோ, சர்க்கரை போன்ற கோளாறு உள்ளவருக்கோ முதலில் போடலாம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அன்றாடம் வாங்கும் மருந்தைக் குறைத்து இதைப் போடுவது மட்டும் கூடாது.

இரண்டாவது ஊசி 2 முதல் 6 மாதத்துக்குள் போட வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் இங்கே சில மாதம், ஊரில் சில மாதம் என்று இருப்பவர்கள். ரயில் டிக்கெட் எடுக்கும்போதே இரண்டாவது தேதியையும் குறித்துக்கொள்ளவும். முதல் ஊசியின் அட்டையை மருந்துச் சீட்டுகளோடு பெட்டியில் வைத்தனுப்பினால் ஊரிலும் போட்டுக்கொள்ளலாம். இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும்; கடையில் வாங்கி வெயிலில் அலையாமல், மருந்தை இருப்பில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியிலேயே போடுவது உத்தமம். குழந்தைகளுக்கான சின்னம்மை ஊசி வேறு, இது வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

போடாவிட்டாலும் மறக்கக் கூடாதது

ஊசி வேண்டாம் என்று தீர்மானித்தவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். ஒரு பக்கமாக இனந்தெரியாத எரிச்சல் கண்டு, பின் கொப்புளம் எழுந்தால் அன்றே டாக்டரிடம் காட்டவும். கண் அருகில் என்றால் கண் டாக்டரையும் பார்க்க வேண்டும். கொப்புள நீர் பட்டால் அம்மை வராத குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை தொற்றலாம். பேரக்குழந்தையைத் தூக்காமல் புண்ணை மூடிவைக்க வேண்டும்.

'இந்த வயசில் எனக்கு எதற்கு இந்தச் செலவு' என்பதே பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். செலவை மட்டும் சொன்னால் அப்படித்தான் சொல்வார்கள். ஆறாத வலி எப்படிப்பட்டது, யாருக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அதன்பின் அவர்கள் சொல்வது வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.